கற்பதை விட்டவர்க்குத் தலைமை எதற்கு?

திருவள்ளுவப் பெருந்தகை கல்வி என்னும் அதிகாரத்தை எங்கே வைத்தார் என்பதைத் தமிழர் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அஃது அறத்துப்பாலில் மக்கட்பேற்றை அடுத்து வைக்கப்படவில்லை. இளையோர்க்கு அறிவுரை என்று தனிப்பகுதி ஒன்றமைத்து அங்கும் வைக்கப்படவில்லை. பொருட்பாலின் முகப்பில், அரசியல் என்னும் இயலில், இறைமாட்சி என்னும் 39-ஆம் அதிகாரத்தை ஒட்டி, 40-ஆவதாக நிற்கின்றது கல்வி. அடுத்து நிற்பது கல்லாமை, அதனையடுத்துக் கேள்வி, அதன்பின் அறிவுடைமை. ஆள்பவனின் மாட்சியைச் சொல்லி முடித்த கையோடு, படையையும் அரணையும் பொருளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நாற்பது குறள்களைக் கற்றலுக்கும் கேட்டலுக்குமே ஒதுக்கினார் அப் பெரியார். இவ்வைப்புமுறை ஏதோ கைதவறி நேர்ந்ததன்று. ஆள வந்தவன் முதற்கண் கற்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

அந்நாற்பது குறள்களை இந்நாடு என்ன செய்தது? பள்ளிச் சுவர்களில் எழுதி வைத்தது. பத்து அகவைப் பிள்ளைகளை நெட்டுருச் செய்ய வைத்து, பிழைவிட்டால் பிரம்பெடுத்தது. பிள்ளைகட்கும் அவை வேண்டுவனவே. அதனை மறுப்பார் யாருமிலர். ஆனால் ஆள்வோர்க்கென்று அரைத்து வைத்த மருந்தை அப்படியே எடுத்துப் பிள்ளைகளுக்குப் புகட்டிவிட்டு, ஆள்வோரை நோயோடு விட்டுவிட்டது எவ்வளவு பெரிய ஏமாற்று!

பழந்தமிழ் வேந்தர் இவ்வாறிருந்தாரல்லர். புறநானூற்று 183-ஆம் பாட்டைப் பாடியவன் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். வடவர் படையை வென்ற புகழைத் தன் பெயரிலேயே தாங்கியவன். அவன் பெயரால் புறநானூற்றில் நிற்பது அவ்வொரு பாட்டே. அதில் அவன் தன் வெற்றியைப் பாடவில்லை, வாளையும் யானையையும் பாடவில்லை, கல்வியைப் பாடினான். ஆசானுக்குப் பொருள் கொடுத்தும் பணிந்து நின்றும் கற்றல் வேண்டுமென்றும், அகவையில் மூத்தவனை விட்டு அறிவுடையவன் வழியிலேயே அரசு நடக்குமென்றும் அவன் சொன்னான். அரியணையில் அமர்ந்தவனே இதனைச் சொன்னான் என்பதுதான் கருதத்தக்கது. பகைவரை வென்றவனுக்கும் ஆசான்முன் பணிந்து நிற்பதில் இழுக்கில்லை என்று அவன் கண்டிருந்தான்.

இனி, இன்று தலைவர் எனப்படுவாரைப் பாருங்கள். இருபத்தைந்தாம் அகவையில் ஒரு போராட்டத்தில் சிறை சென்றிருப்பார். அது பெருமையே, அதனைக் குறைத்துப் பேசுவார் நன்றியில்லாதவர். ஆனால் அன்று சிறைக்குள் எடுத்துச் சென்ற செய்தி மூட்டையைத்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் மேடைதோறும் அவிழ்க்கின்றார். அதே மூன்று எடுத்துக்காட்டு. அதே இரண்டு நகைச்சுவை. இறுதியில் அதே முழக்கம். முன்வரிசையில் இருப்போர் அடுத்து வரப்போகும் சொல்லை அவருக்கு முன்னரே முணுமுணுத்து விடுகின்றனர். சுவரொட்டியில் அவர் பெயர்க்கு முன்னிற்கும் அடைமொழிகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. வீட்டு நிலைப்பேழையில் நூல்கள் பெருகுவதில்லை. பொன்னாடைக்கு மாற்றாக நூல் தருக என்று அறிவிப்பவர்களும் உண்டு. நல்ல அறிவிப்புத்தான். வந்து குவிந்த நூல்களின் கட்டு அவிழ்க்கப்பட்டதா என்று மட்டும் கேட்டுவிடலாகாது! மேடையுரை எழுதித் தர ஒருவர்; அறிக்கை எழுதித் தர ஒருவர்; கைப்பேசி வழியே ஊருலகுக்கு இரண்டு வரி விடுக்க இன்னொருவர். தொல்காப்பியத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்; அதன் மூன்று அதிகாரங்களின் பெயரைக் கேட்டால் உதவியாளரைத் திரும்பிப் பார்ப்பார்.

இது கட்சித் தலைவர்களை மட்டும் நோக்கிக் கூறப்படுவதன்று. தமிழியக்கத்துள்ளும் இந்நோய் புகுந்திருக்கின்றது. வடசொல் இருநூற்றுக்குத் தமிழ்ச்சொல் இருநூறு பாடஞ்செய்து கொண்டு, அதுவே மொழிநூற் பேரறிவு எனத் தருக்கித் திரிவார் இல்லாமலில்லை. இருநூற்றோராவது சொல் வரும்பொழுது இவர்கள் விழிக்கின்றனர். விழிப்பதை மறைக்கக் குரலை உயர்த்துகின்றனர். இத்தகையோர் தங்கள் இயக்கத்திற்கு யாரைத் தந்தையென்று சொல்லிக் கொள்கின்றனரோ, அவருடைய வாழ்க்கையையேனும் ஒருமுறை ஒழுங்காகக் கற்றல் வேண்டும்.

மறைமலையடிகள் 1876-இல் நாகையில் பிறந்தவர். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1903-இல் முல்லைப்பாட்டுக்கும் 1906-இல் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். 1907-இல் காளிதாசனின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து நேரே தமிழாக்கினார். நாற்பது அகவையை எட்டுமுன் தமிழ்நாடெங்கும் அவர் பெயர் பரவிவிட்டது. அப்பெயர் அன்று சுவாமி வேதாசலம். அவர் நடத்திய இதழ் ஞானசாகரம். அவர் நிறுவிய கழகம் சமரச சன்மார்க்க நிலையம். நாவன்மை இருந்தது; புகழ் இருந்தது; மாணவர் கூட்டம் இருந்தது. இன்றைய அளவுகோலின்படி அவர் கற்பதை அன்றே நிறுத்தியிருக்கலாம். எஞ்சிய நாளெல்லாம் மாலை வாங்கியே கழித்திருக்கலாம்.

1916-இல் நடந்தது வேறு. வள்ளலார் பாட்டொன்றில் 'தேகம்' என்னும் வடசொல் நின்ற இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் எத்துணை இனிமையாக இருந்திருக்கும் என்று மகளார் நீலாம்பிகையாரோடு நிகழ்ந்த ஓர் உரையாடல் அவர் நெஞ்சைத் தைத்தது. மகளார்க்கு அப்பொழுது அகவை பதின்மூன்று. பதின்மூன்று அகவைப் பெண்பிள்ளையோடு அமர்ந்து ஒரு சொல்லை எடைபோட்டுப் பார்க்கவும், அவ்வெடையில் தம் நடையே குறைந்து நிற்கின்றது என்று காணவும், நாடறிந்த பெரும்புலவர் ஒருவர்க்கு மனம் இருந்தது. அம்மனமே தமிழுக்கு வாழ்வாயிற்று.

வேதாசலம் மறைமலையாயிற்று, சுவாமி அடிகளாயிற்று. ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகமாயிற்று. இவை பெயர்ப்பலகை மாற்றங்கள் என்று ஒருவர் இகழலாம். பெயர்ப்பலகையோடு நின்றிருந்தால் இகழ்ச்சி பொருந்தும். அடிகளோ தாம் முன்னரே எழுதி அச்சிட்டுப் புகழும் பெற்றுவிட்ட நூல்களை மறுபடி கையிலெடுத்து, வரி வரியாக வடசொல் களைந்து, புதிய பதிப்புகளாகத் திருத்தி வெளியிட்டார். பிறர் எழுத்தில் பிழை காண்பது எளிது. அதனைச் செய்ய நாட்டில் ஆட்பஞ்சம் இல்லை. தம் எழுத்தைத் தாமே பிழையென்று ஏற்று, உலகறியத் திருத்திக் கொள்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! பழைய பதிப்பும் புதிய பதிப்பும் நூலகங்களில் இருக்கின்றன. ஐயமுள்ளவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஓர் ஆசிரியர் தம் விடைத்தாளைத் தாமே திருத்தி மதிப்பெண் குறைத்துக் கொண்ட காட்சி அங்கே தெரியும்.

வடமொழியை அறியாமல் வடமொழியை எதிர்த்தவரல்லர் அவர். ஆங்கிலத்தை அறியாமல் ஆங்கில மோகத்தைக் கண்டித்தவருமல்லர். பல்லாவரத்தில் அவர் வீட்டிலிருந்த நூல் தொகுதி ஏறத்தாழ நாலாயிரம். அவர் மறைவுக்குப் பின் 1958-இல் சென்னையில் அமைந்த மறைமலையடிகள் நூலகத்திற்கு அதுவே அடிக்கல். எது தென்சொல், எது வடசொல் என்று அவர் உரைத்தால் மாற்றார் மறுக்கத் தயங்கியதற்குக் கரணியம் அவருடைய தாடியன்று, அந்நாலாயிரம் நூல். 1937-இல் சென்னை மாநிலப் பள்ளிகளில் இந்தி புகுத்தப்படவிருந்த பொழுது அறுபத்தோர் அகவையினரான அவர், 'இந்தி பொதுமொழியா?' என்று ஒரு நூல் எழுதினார். வெறுஞ் சினத்தை எழுதினாரில்லை. இந்தியெனப்படுவது எத்தனை கிளைவழக்குகளாகப் பிரிந்து கிடக்கின்றது என்று ஆராய்ந்தெழுதினார். பொதுமொழி பொதுமொழி என்று கூவியவர்களிடம் அந்த ஆராய்ச்சி இல்லை.

"அடிகள் புலவர், கற்பதே அவர் தொழில். நாட்டை நடத்துவோர்க்குக் கற்கப் பொழுதேது?" என்று சில அன்பர்கள் தலைவர்க்காக வழக்காடுவர். நாளொன்றுக்கு நான்கு திருமணத்திற்கும் இரண்டு காதணி விழாவிற்கும் செல்வதற்குப் பொழுது எங்கிருந்து வருகின்றது என்று அவர்களை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. போகட்டும். அமெரிக்க நாட்டின் ஆபிரகாம் இலிங்கன் பள்ளியில் இருந்த நாள்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிரம்பாது. வழக்குரைஞராகி, நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்து, 1849-இல் அப்பொறுப்பு முடிந்து வந்தபின், நாற்பதைக் கடந்த அகவையில் யூக்ளிடின் வடிவியல் நூலின் ஆறு பகுதிகளைத் தாமே அமர்ந்து கற்றார். 1860-இல் தம் வாழ்க்கைக் குறிப்பில் அதனைத் தாமே எழுதியும் வைத்தார். எதற்கு? 'மெய்ப்பித்தல்' என்றால் என்ன என்று அறிந்தாலன்றி, வழக்குமன்றத்தில் ஒன்றை மெய்ப்பித்தேன் என்று சொல்ல அவர்க்கு வாய் வரவில்லை. பின்னர்க் குடியரசுத் தலைவராகி, உள்நாட்டுப் போர் மூண்டு, படைத்தலைவர்கள் அடியெடுத்து வைக்கத் தயங்கி நின்ற 1862-இன் தொடக்கத்தில், நாடாளுமன்ற நூலகத்திலிருந்து போர்முறை நூல்களை வருவித்துப் படித்தார். நாடு இரண்டாகப் பிளந்து கிடந்த வேளையில் அவர்க்குப் படிக்கப் பொழுது கிடைத்தது. இங்கே மாவட்ட மாநாட்டுக்கு நன்கொடை பிரிக்கும் தலைவர்க்குப் பொழுது கிடைக்கவில்லையாம்.

கற்றல் என்றால் கட்டாயம் பட்டம் பெறுதல் என்று பொருளன்று. பட்டம் பெற்றுக் கல்லாதவர் மிகப் பலர். மதிப்புறு முனைவர் பட்டத்தை வீட்டு வாயிலில் மாட்டியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டா. பெரியார் பள்ளியில் இருந்தது சில ஆண்டுகளே. ஆயினும் 1931, 1932 ஆண்டுகளில் உருசியாவும் மேலை நாடுகளும் சென்று கண்ணாற் கண்டு கற்றார். 1935-இல், ஐம்பதைக் கடந்த அகவையில், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் படும் இடர்ப்பாட்டைக் கூர்ந்து நோக்கி, ணா, றா, னா, ணை, லை முதலிய வடிவங்களைச் சீராக்கிக் குடியரசு இதழில் தாமே நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது 1978-இல். அச்சீர்திருத்தத்தை ஏற்காத தமிழறிஞரும் உளர், அவ்வழக்கு வேறு. ஓர் எழுத்துப் பேழையில் எத்தனை அறைகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்த தலைவர் ஒருவர் இருந்தார் என்பதே இங்குச் சொல்ல வந்தது.

ஏன் இத்துணை வற்புறுத்தல்? தலைவர் கல்லாதிருந்தால் அவர் கெட்டுப் போவார், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாதா? முடியாது. தனி ஒருவன் அறியாமை அவனோடு போம். தலைவன் அறியாமை இனத்தின் தலையில் விடியும். அதற்கு எடுத்துக்காட்டுத் தேடிப் பழங்காலத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை.

கணினியில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைக்கும் முறைக்கு ஒருங்குறி என்று பெயர். 1991-இல் அதன் முதற்பதிப்பு வந்தபொழுது, இந்திய அரசு 1988-இல் இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த ஒரு தரத்தைத் தழுவியே தமிழுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. விளைவென்ன? மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கண்ட நெறி. கணினிக்குள்ளோ ககர உயிர்மெய்தான் முதலில் நிற்கின்றது. அதன்மேல் புள்ளி என்று தனியே ஒரு குறியை ஏற்றினால்தான் ககர மெய் பிறக்கின்றது. பிள்ளை தாயைப் பெற்றாற்போன்ற முறை! உலகெங்குமுள்ள கணினிகளிலும் கைப்பேசிகளிலும் தமிழ் இன்று அப்படித்தான் உறைகின்றது. 1988-க்கும் 1991-க்கும் இடையில் தமிழ்நாட்டில் மேடைகள் இல்லாமலில்லை, மாநாடுகள் குறையவில்லை, 'தமிழுக்கு உயிர் கொடுப்போம்' என்னும் முழக்கமும் ஓயவில்லை. தமிழின் உயிரையும் மெய்யையும் வேறோர் அறையில் வேறு சிலர் வரிசைப்படுத்திக் கொண்டிருந்தனர் என்பதை அறிந்த தலைவர்தாம் இல்லை. அவர்கள் 1938-ஐக் கற்றிருந்தனர், 1965-ஐ நடத்தியிருந்தனர், அதற்கு மேல் கற்கவில்லை.

2010-இல் மறுபடி ஒரு முயற்சி. அவ்வாண்டு சூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்து, ஊர்திகளின் அணிவகுப்பு முடிந்து, ஆரவாரம் அடங்கச் சில திங்களே ஆகியிருந்தன. கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் இடம் கேட்கும் முன்மொழிவில், தமிழுக்கே உரிய எ, ஒ, ழ, ற, ன ஆகிய எழுத்துகளையும் கிரந்தத்தோடு சேர்க்கத் திட்டம் இருந்தது. தமிழ் எழுத்துத் தொகுதிக்குள் கிரந்த எழுத்துகளைக் கூடுதலாகப் புகுத்தும் முன்மொழிவு ஒன்றும் அவ்வாண்டே எழுந்தது. இதனைக் கண்டுபிடித்தவர் யார்? மேடைத் தலைவர்களா? கணினியறிந்த தமிழர் சிலரும் எழுத்திலக்கணம் அறிந்த தமிழாசிரியர் சிலரும் அம்முன்மொழிவுகளை முழுமையாகப் படித்து, ஊரெழுப்பினர். நவம்பரில் தமிழ்நாட்டரசு, இதனை நிறுத்தி வைக்குமாறு நடுவணரசைக் கேட்டுக் கொண்டது. 2014-இல் கிரந்தம் ஒருங்குறியில் இடம்பெற்ற பொழுது அவ்வைந்து தமிழெழுத்துகள் அதில் இல்லை. ஊர்வலத்தாலன்று, படித்ததால் காக்கப்பட்ட எழுத்துகள் அவை. தலைவர்கள் அறிக்கை விட்டனர், நன்று. அவ்வறிக்கையை எழுதித் தந்தவர்க்கு எத்தனை முறை தொலைப்பேசியில் விளக்கம் கேட்டனரோ! இன்றோ கணினியே தமிழில் கட்டுரை எழுதுகின்ற காலம் வந்துவிட்டது. அது யாருடைய தமிழைப் பார்த்து எழுதக் கற்கின்றது என்று வினவத் தெரிந்த தலைவர் எத்தனை பேர்?

இன்னொன்று, வழக்குமன்றத் தமிழ். சென்னை உயர் வழக்குமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று முழங்காத தலைவர் இல்லை. அதற்கு வழி அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கின்றது: 348-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. குடியரசுத் தலைவரின் முன்னிசைவு பெற்று, மாநில ஆளுநர் அம்மாநில ஆட்சிமொழியை உயர் வழக்குமன்ற நடவடிக்கைகளில் வழங்க ஒப்பலாம். 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு தீர்ப்புகளுக்கும் அதனை விரிவாக்கியது. இராசத்தான் 1950-இலும், உத்தரப் பிரதேசம் 1969-இலும், மத்தியப் பிரதேசம் 1971-இலும், பீகார் 1972-இலும் இவ்வழியே தத்தம் உயர் வழக்குமன்றங்களில் இந்தியை ஏற்றி விட்டன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது 2006 திசம்பரில்தான். 2012-இல் உச்ச வழக்குமன்ற நடுவர்கள் கூடி, அதனை ஏற்பதற்கில்லை என்றனர்.

348-ஆம் பிரிவில் குடியரசுத் தலைவர் இசைவு வேண்டும் என்றிருக்கின்றது; உச்ச வழக்குமன்றத் தலைமை நடுவரின் இசைவு வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. பின் அவரிடம் கேட்க வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது? 1965 மே 21-ஆம் நாள் நடுவண் அமைச்சரவைக் குழு ஒன்று எடுத்த முடிவிலிருந்து வந்தது. 1965! சனவரியில் தமிழ்நாடு தீப்பற்றி எரிந்தது. மாணவர் குருதி தெருவில் ஓடியது. தமிழுக்காக உயிர் விட்டோரின் சாம்பல் ஆறுமுன், நான்கே திங்களில், தில்லியில் ஓர் அறையில் இம்முடிவு எழுதப்பட்டது. அது சட்டமன்று, அரசியலமைப்பின் பகுதியுமன்று, அமைச்சர்கள் எடுத்த முடிவு. அமைச்சர்கள் எடுத்ததை அமைச்சர்கள் மாற்றலாம். ஆகவே கேட்க வேண்டிய இடம் தில்லி அமைச்சரவை. கேட்க வேண்டிய செய்தி 1965 முடிவை விலக்குக என்பது. இதனை விட்டுவிட்டுச் சென்னையில் வழக்குமன்ற வாயிலை நோக்கி முழங்குவதால் அவ்வாயிலில் காவல் நிற்கும் காவலர்க்குத்தான் செவி வலிக்கும்.

சனவரி 25-ஆம் நாள்தோறும் மொழிப்போர் ஈகியர்க்கு மலர்வளையம் வைக்கப்படுகின்றது. வைக்க வரும் தலைவர்களுள், அவ்வாண்டு மே 21-ஆம் நாள் முடிவு என்று ஒன்றிருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்? அதனைப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-இல். நடுவண் அலுவலகம் எதனிடமும் ஓர் ஆவணத்தின் படி கேட்டு எழுதப் பத்து உருபாக் கட்டணமும் ஒரு தாளும் போதும். மலர்வளையத்தின் விலை அதனினும் மிகுதி.